பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற அந்த மூணு நொடி

#1 நிலைவாசல்

ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். இது என் முதல் இழை. நீளமாயிடுச்சு, பொறுத்துக்குங்க.

நான் திருநங்கை. வயசு 34. வீட்டில் சொல்லி ஒன்பது வருஷம், ஹார்மோன் எடுக்க ஆரம்பிச்சு ஏழு. வேலை இருக்கு, வாடகைக்கு ஒரு வீடு இருக்கு, ராத்திரி கதவைப் பூட்டிக்கிட்டு நிம்மதியா தூங்கறேன். இதை முதல்லயே சொல்லிடறேன். திருநங்கைன்னு சொன்ன உடனே எதிர்ல இருக்கிறவங்க குரல் ஒரு படி இறங்கி "ஐயோ பாவம்" ஆயிடும். அது வேண்டாம். அடி வாங்கின கதை தேடி வந்தவங்களுக்கு இங்கே பெருசா எதுவும் கிடைக்காது.

நான் சொல்ல வந்தது சில்லறை விஷயம். போன செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஒரு அடையாள அட்டை புதுப் பெயருக்கு மாறியாச்சு, இன்னொண்ணு பழைய பெயரிலேயே கிடக்கு. பதிவு செஞ்சவங்க பழையதைப் பார்த்து அடிச்சுட்டாங்க. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஹால்ல, ஒலிபெருக்கியில ஒரு ஆம்பளைப் பெயர். எழுந்தா நாற்பது தலையும் திரும்பும். எழுந்திருக்கலைன்னா முறை போயிடும். அடுத்த தடவை கூப்பிடறதுக்கு நடுவுல மூணு நொடி இருக்கும். அதுக்குள்ள மனசு ஒரு பெரிய கணக்குப் போடும். பக்கத்துல யார், கவுண்டர் எத்தனை அடி, அங்கே நிக்கிற பையன் சிரிப்பானா, "அவருக்கு நீங்க என்ன வேணும்"னு கேட்பானா, "தம்பிக்காக வந்தேன்"னு பொய் சொன்னா ஊசி யார் கையில குத்துவாங்க?

எழுந்தேன். தலைங்க திரும்பிச்சு. வேற ஒண்ணும் நடக்கலை. பக்கத்து நாற்காலியில வெச்சிருந்த பையை ஒரு அம்மா எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் மூணு மணிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். இதை யார்கிட்ட சொன்னாலும் அதே பேச்சுதான். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" இல்லை. "அப்புறம் என்ன?"

அந்த அப்புறத்தைப் பத்தித்தான் கேட்கறேன். உங்களுக்கு இந்த மூணு நொடி எங்கே வருது?

#2 அரைமீசை

வாங்கக்கா, வணக்கம். நான் திருநம்பி. மீசை இப்ப முக்கால் வந்தாச்சு, கணக்குப் பெயரைத்தான் மாத்தலை.

எனக்கு மூணு நொடி ஆண்கள் கழிவறை வாசல்ல. உள்ளே மறைவான அறை ஒண்ணுதான் இருக்கும், அதுக்கும் தாழ்ப்பாள் இருக்காது. முதல் ரெண்டு வருஷம் வேலை நேரத்துல தண்ணியே குடிக்காம ஓட்டினேன். சிறுநீர்த் தொற்று வந்துச்சு. டாக்டர் "நிறைய தண்ணி குடிங்க தம்பி"ன்னார். "தம்பி"ங்கிற சந்தோஷத்துல, குடிச்சா எங்கே போறதுன்னு கேட்க மறந்துட்டேன்.

ஒரு விஷயத்துல எங்களுக்கு அதிர்ஷ்டம். நாங்க எடுக்கற ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன், குரல்நாணைத் தடிக்க வெச்சிடும். சில மாசத்துல குரல் உடைஞ்சு இறங்கும், அப்புறம் ஏறாது. அதனால ஃபோன்ல எனக்குப் பிரச்சினையே இல்லை, எல்லாரும் "சார்"தான். ஆனா அதே குரலோட பழைய பெயர்ல இருக்கிற வங்கிக் கணக்கைப் பத்திக் கேட்கப் போனேன். "அந்த மேடத்தைப் பேசச் சொல்லுங்க சார்"னுட்டாங்க. மேடம் நான்தான்னா மோசடின்னு கணக்கை முடக்கிட்டாங்க. மூணு வாரம்.

#3 நிலைவாசல்

அரைமீசை தம்பி, எனக்கு அப்படியே தலைகீழ். நாங்க எடுக்கற பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன், குரலை ஏத்தாது. ஏற்கனவே தடிச்ச நாண் தடிச்சதுதான். நான் பயிற்சி எடுத்தேன். சுருதியை ஏத்தினா போதும்னு நினைச்சு ஆரம்பிச்சேன், அது கார்ட்டூன் குரலாத்தான் வந்துச்சு. தொண்டைக்குள்ள ஒலி எங்கே முழங்குதுங்கறதுதான் முக்கியம்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஒன்றரை வருஷம் குளியலறையில முனகல். இப்ப பகல்ல ஃபோன் எடுத்தா "மேடம்". தூக்கத்துல எடுத்தா "சார்". அதனால எழுந்து தண்ணி குடிச்சு, "ம்ம்"னு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் எடுக்கறது. அதுக்குள்ள மணி அடிச்சு ஓய்ஞ்சிடும்.

#4 கணக்கன்

தப்பா எடுத்துக்க வேண்டாம், மனசுல பட்டதைக் கேட்கிறேன். நான் நல்ல குண்டு. எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். கறுப்பு, குட்டை, திக்குவாய் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. உலகம் பார்க்கத்தான் செய்யும். அந்த அம்மா பையை நகர்த்தியது வேறு எதற்காகவோகூட இருக்கலாம். நாமாகவே பெரிதாக்கிக்கொள்கிறோமோ?

#5 இடைவெளி

கணக்கன், பை வேறு எதற்காகவோ நகர்ந்திருக்கலாம் என்பது உண்மைதான். வேதனையே அங்கேதான். ஒவ்வொரு தடவையும் "இது எனக்காகவா, இல்லையா" என்று நாங்கள் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. ஒருவன் நேராகத் திட்டினால் தீர்ப்பு சுலபம்.

உங்கள் உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நீங்கள்தானா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. "உண்மையிலேயே குண்டா, இல்லை அப்படி நினைத்துக்கொள்கிறீர்களா? டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்களா?

நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. என்னிடம் படிவத்தைக் கொடுப்பவர்கள் "ஏதாவது ஒண்ணை டிக் பண்ணுங்க" என்பார்கள். கடவுச்சீட்டுக்கான சர்வதேசத் தரத்தில் ஆண், பெண் தவிர எக்ஸ் என்று ஒரு குறி பல காலமாக இருக்கிறது. விமானம் ஏற அனுமதிக்கிற குறி, ஒரு நூலகப் படிவத்தில் கிடையாது.

#6 கணக்கன்

சான்றிதழ் உதாரணம் சுருக்கென்றது. சரி, வாசிக்கிறேன்.

#7 ஊசிமருந்து

செவிலியரா இருக்கேன், 14 வருஷம். நிலைவாசல், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ நான். அதனால கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட எழுதறேன்.

முதல்ல அந்தத் தூக்கம். அது சோம்பல் இல்லை. சிறுபான்மையா வாழறவங்களோட மன அழுத்தத்தைப் பத்தி இலான் மேயர்னு ஒரு ஆய்வாளர் 2003-ல எழுதினார். தன்பால் ஈர்ப்புள்ளவங்களை வெச்சு எழுதினது, பிறகு திருநருக்கும் (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும்) விரிவாக்கினாங்க. நடந்த அவமானம் ஒரு சுமைன்னா, நடக்கப் போகுதோன்னு காத்துக்கிட்டே இருக்கறது தனியா இன்னொரு சுமைன்னு சொல்றார். ஒண்ணுமே நடக்காத நாள்லயும் அந்த ரெண்டாவது சுமை இறங்கறதில்லை.

ரெண்டாவது, எங்க ஆளுங்க செய்யற தப்பு. கையை உடைச்சுக்கிட்டு வந்தாலும் ஹார்மோனைப் பத்திக் கேட்போம். காய்ச்சல்னா ஹார்மோன். முதுகு வலின்னா ஹார்மோன். கேட்கக் காரணமே இல்லாத இடத்துல ஆடைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்போம். அது மருத்துவம் இல்லை, வேடிக்கை பார்க்கறது. நானே செஞ்சிருக்கேன்.

ஆனா கேட்க வேண்டிய இடமும் உண்டு. ரத்தப் பரிசோதனைத் தாள்ல இயல்பு அளவுன்னு போட்டிருக்கும் இல்லையா, ஹீமோகுளோபின், கிரியாட்டினின் ரெண்டுக்கும் அது ஆணுக்கு வேற, பெண்ணுக்கு வேற. பதிவுல எந்தப் பால் இருக்கோ அதை வெச்சுத்தான் மெஷின் "அதிகம்", "குறைவு"ன்னு குறி போடும். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கறவங்களுக்கு ஹீமோகுளோபின் ஏறும். பழைய பதிவுல பார்த்தா அதிகம்னு காட்டி வீணாப் பயமுறுத்தும். அதனால என்ன மருந்து, எத்தனை வருஷம்னு டாக்டர்கிட்ட மட்டும் தெளிவா சொல்லிடுங்க.

அரைமீசை, உங்களுக்குத் தனியா ஒண்ணு. பதிவு ஆண்னு மாறினா கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. கருப்பை வாய் இருக்கிற வரைக்கும் நீங்களாத்தான் ஞாபகம் வெச்சுக்கணும். நிலைவாசல், அதே மாதிரி அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புராஸ்டேட் உள்ளேயேதான் இருக்கும்.

#8 நெருப்புக்குச்சி

எல்லாம் இண்டர்நெட் வந்த பிறகு வந்த ஃபேஷன். எங்க காலத்துல இப்படி எவனும் கிடையாது. மனநோய்க்கு மருந்து சாப்பிடறதை விட்டுட்டு உலகம் முழுக்க தன்னை மாதிரி நடிக்கணும்னு [நீக்கப்பட்டது]

— மட்டுறுத்துனர்: சக உறுப்பினரை ‘அது’ என்று குறித்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. கருத்து மாறுபாட்டுக்கு இடமுண்டு. அஃறிணைக்கு இல்லை.

#9 பழையகோப்பு

நெருப்புக்குச்சி, உங்கள் பெயருக்குப் பொருத்தமாக ஒரு தீயைப் பற்றிச் சொல்கிறேன்.

பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-இல் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இன்று திருநர் என்று நாம் சொல்கிறவர்கள் அங்கே சிகிச்சைக்கு வந்தார்கள். சிலர் அங்கேயே வேலை பார்த்தார்கள். தெருவில் பெண் உடையில் போகிற ஒருவரைப் போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு ஒரு சீட்டும் இருந்தது. மருத்துவர் பரிந்துரைக்க, போலீஸே வழங்கியது. இந்த இழையின் மூணு நொடி அந்தத் தெருவிலும் இருந்திருக்கிறது. பைக்குள் கையை விட்டுச் சீட்டைத் தேடுகிற நேரம்.

1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். நூலகத்தை அள்ளிக்கொண்டு போய் மே 10 இரவு ஓப்பரா சதுக்கத்தில் கொளுத்தினார்கள். புத்தக எரிப்பு என்றதும் நம் கண்முன் வருகிற அந்தத் தீயில் இந்த ஏடுகளும் எரிந்தன. படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், எரிந்தது என்ன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. "எங்க காலத்தில் கிடையாது" என்று நீங்கள் சொல்ல முடிவதற்கு அந்த மாதிரித் தீக்களும் ஒரு காரணம்.

மனநோய் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 11-ஆம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பாலின முரண்பாடு (பிறப்பில் எழுதிய பாலும் உணர்கிற பாலும் ஒத்துப்போகாதது) மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த வேறு அத்தியாயத்துக்குப் போய்விட்டது. பட்டியலை விட்டே எடுத்திருக்கலாமே என்றால், எடுத்தால் சிகிச்சைக்கு வழி அடைபடும். அதனால் அப்படி ஓர் இடம்.

#10 ஒற்றுப்பிழை

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மட்டுறுத்துனர் திணையைத் தொட்டதால் நுழைகிறேன்.

நன்னூல் பெயரியலில் ஒரு நூற்பா உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிற, அதாவது விரும்புகிற, பேடு (திருநரைக் குறித்த பழைய சொல்) ஆண்பால் என்கிறார் பவணந்தியார். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால். 13-ஆம் நூற்றாண்டு இலக்கணம். பாலைத் தீர்மானிக்க அவர் பிடித்துக்கொண்ட சொல் ‘அவாவுதல்’ என்பதைக் கவனியுங்கள். பிறந்தபோது மருத்துவச்சி என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. தொல்காப்பியரும் இவர்களை உயர்திணைக்குள்தான் வைத்தார்.

உடனே பெருமைப்பட வேண்டாம். அதே நூற்பாவின் கடைசி அடி, இவ்விரு வகையினரும் அஃறிணை போலவும் வருவர் என்கிறது. நெருப்புக்குச்சியின் ‘அது’வுக்கும் இலக்கண ஆதாரம் உண்டு என்று நாளை யாராவது கிளம்பக்கூடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் வெட்கப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த நூற்பாவை முப்பது வருடம் நடத்தினேன். "பேடு" என்று வாயெடுத்ததும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். யாரையாவது ஒரு பையனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். வகுப்பு கலைந்துவிடுமே என்று வேகமாகப் படித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். சிரிக்கப்பட்ட பையன்கள் தலை நிமிரவே மாட்டார்கள். அவர்களில் யாராவது இங்கே இருந்தால்... என்ன சொல்வது என்று தெரியவில்லை.

#11 நிலைவாசல்

ஐயா, நான் உங்க மாணவி இல்லை. ஆனா அந்த வகுப்புல உட்கார்ந்திருக்கேன்.

நீங்க பால் விகுதியைத் தொட்டதால எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஒரு உறுத்தலைச் சொல்றேன். ஆபீஸ்ல என்னை எல்லாரும் "அவங்க"ன்னு சொல்றாங்க. "அவங்க அனுப்பிட்டாங்க", "அவங்ககிட்ட கேளு". மரியாதைதான். ஆனா என் வயசு, என் பதவியில இருக்கிற மத்த ரெண்டு பொண்ணுங்களை "அவ"ன்னுதான் சொல்றாங்க. "அவ இன்னும் வரலை, அவகிட்ட இருக்கு". நான் மட்டும் அவங்க. மரியாதையை வேலி மாதிரி போட்டு என்னைத் தனியா நிறுத்தியிருக்காங்க. ‘அவள்’னு சொல்ல வாய் வரலை, ‘அவன்’னு சொன்னா தப்பு. பாவம் தமிழ்ல நடுவுல ஒரு சந்து இருக்கு, எல்லாரும் அதுக்குள்ள புகுந்துக்கறாங்க. இதை வெச்சு ஒரு புகார் எழுதிப் பாருங்க. "எனக்கு மரியாதை கொடுக்கறாங்க சார்."

எங்கம்மா இன்னும் கெட்டிக்காரி. முன்னிலையில பால் கிடையாதுன்னு இலக்கணம் படிக்காமலே கண்டுபிடிச்சுட்டாங்க. "சாப்பிட்டாச்சா", "கிளம்பியாச்சா", "மருந்து போட்டாச்சா". எல்லாமே ஆச்சு. என்னைப் பத்திப் பக்கத்து வீட்டுல சொல்லணும்னா "அங்கேருந்து ஃபோன் வந்துச்சு"ம்பாங்க. ஃபோன் தானா வந்த மாதிரி. ஒன்பது வருஷமா ஒரு எழுவாய் இல்லாம என்னைப் பத்திப் பேசறாங்க.

"டா" மட்டும் எனக்கு உறுத்தாது. என் தங்கச்சியையும் "என்னடா கண்ணா"ன்னுதான் கொஞ்சுவாங்க. ஒரே ஒரு தடவை, குழாயைத் திறந்து விட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டேன், தொட்டி வழிஞ்சு வீடெல்லாம் தண்ணி. உள்ளேருந்து ஒரு கத்தல்: "எங்கடி கவனம்?" ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். அப்புறம் அவங்க துடைப்பத்தைத் தேடப் போயிட்டாங்க. மறுநாள்லேருந்து மறுபடியும் ஆச்சு, ஆச்சுதான்.

#12 மாடிப்படி

இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன்.

நான்தான் அந்த அம்மா. உங்களுடைய அம்மா இல்லை, வேறொரு அம்மா. என் பிள்ளைக்கு 16 வயது. மகள் என்று வளர்த்தேன். எட்டு மாதம் முன்பு ஒரு கடிதம் எழுதி என் தலையணைக்கு அடியில் வைத்திருந்தது. "வைத்திருந்தது" என்று எழுதிவிட்டேன் பாருங்கள், வைத்திருந்தாள் என்றால் பிள்ளைக்குத் துரோகம், வைத்திருந்தான் என்றால் எனக்கு நாக்கு எழவில்லை. உயர்திணை போய் அஃறிணை வந்து விழுகிறது. மட்டுறுத்துனர் என் வரியையும் நீக்க வேண்டும்.

நானும் ஆச்சு, ஆச்சு என்றுதான் பேசுகிறேன். சண்டை வராமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் அது எப்படிக் கேட்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. புதுப் பெயர் ஒன்று தேர்ந்தெடுத்திருக்கிறது. நான் இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குப் பயம் என் பிள்ளை மீது இல்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் பழையபடி திரும்பவே முடியாது என்கிற மாதிரி ஒரு பயம். மாமியார் வேறு தினம் ஃபோன் செய்கிறார்.

இன்னொன்று. அலமாரியில் அகலமான எலாஸ்டிக் கட்டுத் துணி சுருள் சுருளாக இருக்கிறது. மார்பை இறுக்கிக் கட்டிக்கொள்கிறது போல. கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. இது ஆபத்தா?

#13 அரைமீசை

அம்மா, அந்தத் துணி ஆபத்து. இன்னிக்கே பேசுங்க. எலாஸ்டிக் கட்டு மூச்சு இழுக்க இழுக்க இறுகும், விலா எலும்பைப் பதம் பார்க்கும். நானும் அதைத்தான் கட்டினேன், இன்னிக்கும் மழைக்காலத்துல இடது பக்கம் பிடிக்கும். இதுக்குன்னே தைச்ச பைண்டர் இருக்கு. சரியான அளவு எடுத்து வாங்கணும், சின்ன அளவு எடுத்தா நல்லாத் தட்டையாகும்னு தோணும், கூடாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். தூங்கும்போது கண்டிப்பா கூடாது. ஓட்டம், விளையாட்டு எதுக்கும் போடக் கூடாது. வலிச்சா, மூச்சு முட்டினா உடனே கழட்டிடணும்.

எப்படிப் பேசறதுன்னா, எதுவும் பேச வேண்டாம். அளவு நாடாவை எடுத்துக்கிட்டுப் போய் "எலாஸ்டிக் வேண்டாம், நல்லதா ஒண்ணு வாங்கலாம், அளவு சொல்லு"ன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டுல யாராவது அப்படி ஒரு நாடாவோட வந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியலை. அழுதிருப்பேன். அப்புறம் கதவைச் சாத்தியிருப்பேன், பதினாறு வயசு இல்லையா.

#14 ஊசிமருந்து

மாடிப்படி, பெயரைப் பத்தி ஒரு ஆய்வு ஞாபகம் வருது. அமெரிக்காவுல 129 இளம் திருநர்கள்கிட்ட கேட்டாங்க, 2018-ல வெளியாச்சு. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள், இந்த நாலு இடத்துல எத்தனை இடத்துல நீங்க தேர்ந்தெடுத்த பெயர்ல உங்களைக் கூப்பிடறாங்கன்னு. கூடுதலா ஒரே ஒரு இடம் சேர்ந்தாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவா இருந்துச்சு. சின்ன ஆய்வு, பெயர் ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுக்கு மருந்துச் சீட்டு எதுவும் தேவையில்லையே.

#15 நெருப்புக்குச்சி

ஒரு பெற்றோரா கேட்கறேன். 16 வயசுல நாளைக்கு மனசு மாறிட்டா?

#16 நிலைவாசல்

நெருப்புக்குச்சி, இந்தக் கேள்வியை நீங்க முதல்லயே கேட்டிருந்தா நல்லா பேசியிருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடறது அறுவை சிகிச்சை இல்லை. மாறினா மறுபடி வேற பெயர் சொல்லுங்க. வீட்டுல நாய்க்குட்டிக்கே நாலு பெயர் வெச்சுக் கூப்பிடறோம்.

மாடிப்படி அக்கா, திரும்பவே முடியாதுன்னு எழுதியிருந்தீங்க. அதை வாசிச்சுட்டு எங்கம்மாவும் இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்களோன்னு முதல் தடவையா தோணிச்சு. ஒன்பது வருஷமா நான் அதை வெறும் பிடிவாதம்னுதான் வெச்சிருந்தேன். அவங்ககிட்ட கேட்டதில்லை. கேட்கப் போறேனான்னும் தெரியலை.

#17 சுருட்டிய_பாய்

வேலை விஷயம் யாரும் எழுதலையே. நானும் திருநங்கைதான், 41. என் பிரச்சினை அனுபவச் சான்றிதழ். ஏழு வருஷம் ஒரே இடத்தில் நல்ல வேலை, எல்லாம் பழைய பெயரில். காட்டினால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். கடைசி தடவை வேலை பற்றிய கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு "ஆபரேஷன் ஆயிடுச்சா" என்று கேட்டார்கள், கணக்கு எழுதுகிற வேலைக்கு. காட்டாவிட்டால் ஏழு வருஷம் வீட்டில் சும்மா இருந்தவள் ஆகிவிடுகிறேன்.

அப்போதெல்லாம் லின் கான்வேயை நினைத்துக்கொள்வேன். ஐ.பி.எம்.மில் கணினி வடிவமைப்பில் இருந்தவர். பாலின மாற்றத்துக்கு ஆயத்தமாவது தெரிந்ததும் 1968-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். பழைய சாதனை எதையும் சொல்ல முடியாமல், புதுப் பெயரில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார். பிறகு கார்வர் மீடுடன் சேர்ந்து சிப் வடிவமைக்கும் முறையையே மாற்றினார், அந்தப் பாடநூலை வைத்து ஒரு தலைமுறை படித்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் வெளியுலகத்திடம் முன்கதையைச் சொல்லவில்லை. ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது 2020-இல். 52 வருஷம். எனக்கு அவ்வளவு மூளையும் இல்லை, அவ்வளவு ஆயுசும் கிடைக்குமா தெரியாது.

ஆபரேஷன் கேள்விக்கு ஒரு பின்குறிப்பு. அதை கேட்பது அந்த மேலாளர் மட்டும் இல்லை, அரசாங்கங்களே கேட்டன. ஸ்வீடன் 2013 வரை, காகிதத்தில் பாலை மாற்ற வேண்டுமானால் கருத்தடை அறுவை கட்டாயம் என்று வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க 2018-இல் சட்டம் போட்டார்கள். அர்ஜென்டினா 2012-லேயே டாக்டரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம், நீ சொன்னால் போதும் என்று சட்டம் போட்டது. இரண்டும் ஒரே உலகம்தான்.

#18 கணக்கன்

மூன்று நாளாக வாசித்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன், சிலது இன்னும் புரியவில்லை. ஒரு நடைமுறைக் கேள்வி. அந்த ஹாலில் நாற்பது பேரில் ஒருவனாக நான் இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து ஆதரவாகச் சிரிக்க வேண்டுமா?

#19 அரைமீசை

ஐயையோ, சிரிக்காதீங்க சார். ஃபோனைப் பாருங்க.

#20 நிலைவாசல்

அரைமீசை சொன்னதேதான். கூடவே, உங்க பை பக்கத்து நாற்காலியில இருந்தா அப்படியே இருக்கட்டும்.

நேத்து ரிப்போர்ட் வாங்கப் போனேன். போனதுமே கவுண்டர்ல குனிஞ்சு, "பெயருக்குப் பதிலா டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட முடியுமா"ன்னு கேட்டேன். இதைக் கேட்கலாம்னு ஏழு வருஷமா எனக்குத் தோணவே இல்லை. அந்தப் பொண்ணு "சிஸ்டம்ல பெயர்தான் வரும்"னா. சரின்னு உட்கார்ந்தேன். அரை மணி கழிச்சு ஒலிபெருக்கியில சத்தமில்லை, அவளே எழுந்து வந்து கவரை என் கையில கொடுத்துட்டு, "அட்டையைக் கொண்டு வந்தா மாத்திடலாம் மேடம், அந்த கிழக்கு ஜன்னல்"னு கையைக் காட்டிட்டுப் போனா. கிழக்கு ஜன்னல்ல நாலு மணிக்கே மூடிட்டாங்க. திங்கள்கிழமை போகணும்.

ஹீமோகுளோபின்ல குறைவுன்னு குறி போட்டிருந்துச்சு. ஊசிமருந்து சொன்ன மாதிரி அது ஆண் அளவை வெச்சுப் போட்டது. பெண் அளவுல சரியா இருக்கேன்.

#21 மாடிப்படி

அளவு நாடா கொண்டுபோனேன். அரைமீசை சொன்ன மாதிரியே நடந்தது, கதவைச் சாத்தியது உட்பட. பத்து நிமிடம் கழித்து கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது, அளவு எழுதி.

இன்று சாயங்காலம் மாமியார் ஃபோன். வழக்கம் போல, "பிள்ளை பள்ளிக்கூடத்திலேர்ந்து வந்தாச்சா?" நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன், யோசிக்காமல் "ம், வந்துட்டான்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "யாரு?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பதில் சொல்லாமல் ஃபோனை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

#22 அரைமீசை

என்ன சொன்னானாம்?

#23 மாடிப்படி

தெரியவில்லை. அறைக்குள் போய்ப் பேசினான். இருபது நிமிடம்.